‘உதவியுடன் நடக்கிறார்’ என்றால் எந்த உதவி?

வாசகர் கடிதம்:

வணக்கம் மேடம். ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். எங்கள் குழுவில் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், செயற்கைக்காலும், காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிபரும் செய்யும் டெக்னீஷியன், சமூகப் பணியாளர் என எல்லோரும் உண்டு. எல்லோரும் வேலை தெரிந்தவர்கள்தான். ஆனாலும் சமீபத்தில் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒரு பாட்டிக்கு ‘வாக்கர்’ என்று எழுதிக் கொடுத்தோம். கடைக்காரர் நான்கு சக்கரம் வைத்ததைக் கொடுத்துவிட்டார். வீட்டில் அது முன்னால் ஓட, பாட்டி விழப் போனார். மகள் பிடித்துக்கொண்டதால் தப்பினார். இன்னொருவர் முதுகுத்தண்டில் அடிபட்ட இளைஞர். அவருடைய டிஸ்சார்ஜ் குறிப்பில் ‘சுயமாக நடக்கிறார்’ என்று இருந்ததைப் பார்த்து, சக்கர நாற்காலிக்கான விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள்.

எல்லோரும் ஒரே சொற்களைப் பயன்படுத்த ஒரு சொற்பட்டியல் தயாரிக்கலாம் என்று சொன்னேன். ‘வார்த்தையில் என்ன இருக்கிறது, அனுபவம் இருந்தால் போதும்’ என்கிறார்கள் மூத்தவர்கள். என் கேள்விகள்: இது உண்மையிலேயே தேவையா? உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.எஃப். வகைப்பாடு, உதவி உபகரணங்களை வகைப்படுத்தும் ஐ.எஸ்.ஓ. 9999 தரநிலை என்று இரண்டு சொல்கிறார்களே, எதைப் பின்பற்றுவது? நோயாளிகள் அவர்களுடைய பேச்சில்தான் சொல்கிறார்கள், அவர்களையும் இந்தச் சொற்களுக்கு மாற்ற வேண்டுமா?

பதில்:

அன்புள்ள தோழிக்கு,

தேவைதான். சந்தேகமே வேண்டாம். ஆனால் சொற்பட்டியலில் தொடங்காதீர்கள். எங்கே வேலை கைமாறுகிறதோ அங்கே தொடங்குங்கள். ஒரே அறைக்குள் இருக்கும் ஐந்து பேர் ஆளுக்கொரு சொல் சொன்னாலும் பெரிய ஆபத்து இல்லை, பக்கத்தில் திரும்பிக் கேட்டுக்கொள்வார்கள். நீங்கள் எழுதிய இரண்டு சம்பவங்களிலும் தாள் அறையை விட்டு வெளியே போய்விட்டது. ஒன்று கடைக்குப் போனது, இன்னொன்று அலுவலகத்துக்குப் போனது. அங்கே படித்தவரால் உங்களைக் கேட்க முடியவில்லை, அல்லது கேட்கத் தோன்றவில்லை. ஏனென்றால் அவருக்கு அந்தச் சொல் தெளிவாகவே இருந்தது.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். புரியாத சொல்லாக இருந்திருந்தால் கடைக்காரர் போன் செய்திருப்பார். ‘வாக்கர்’ எல்லோருக்கும் புரிந்த சொல். உங்கள் பிசியோதெரபிஸ்டுக்கு அது சக்கரம் இல்லாத நாலு கால் சட்டகம், தூக்கி வைத்து நடப்பது. கடைக்காரருக்கு அது அலமாரியில் முன்னால் இருப்பது, பிரேக்கும் உட்காரும் பலகையும் வைத்தது, பார்க்கவும் நன்றாக இருப்பது. யாரும் கவனக்குறைவாக இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்லில்தான் இந்த ஆபத்து அதிகம்.

சட்டகமும் சக்கர வாக்கரும் உடலிடம் கேட்பது வேறு வேறு. சட்டகத்தை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். அதற்குக் கைகளில் கொஞ்சம் வலு வேண்டும், நடை மெதுவாகும், ஆனால் ஊன்றும்போது அது நகராது. நான்கு சக்கரம் வைத்த ரோலேட்டர் உருண்டுகொண்டே போகும். நடை சீராக இருக்கும், ஆனால் பிரேக்கை நேரத்துக்குப் பிடிக்கத் தெரிய வேண்டும். முழு எடையையும் கைகளில் சாய்க்க வேண்டியவருக்கு அது சரிப்படாது. ஐ.எஸ்.ஓ. 9999 இரண்டுக்கும் தனித்தனி எண் வைத்திருக்கிறது. இரண்டு கையாலும் இயக்கும் நடைக் கருவிகள் 12 06 என்ற பிரிவில் வருகின்றன. அதற்குள் சட்டகம் 12 06 03, ரோலேட்டர் 12 06 06.

பாட்டி விஷயத்தில் இதற்கு முன்னால் இன்னொரு சொல் நிற்கிறது: அறுவை சிகிச்சை செய்த காலில் எவ்வளவு எடை வைக்கலாம் என்பது. அதைத் தெரிந்துகொள்ளாமல் கருவியைத் தேர்வு செய்யவே முடியாது. ‘பகுதி எடை’ என்று எழுதியிருப்பார்கள். ஒருவர் அதை உடல் எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று நினைப்பார், இன்னொருவர் பாதி என்று நினைப்பார். ‘விரல் நுனி மட்டும் தொடலாம்’ என்பதும் இப்படித்தான். சமநிலைக்காகத் தரையைத் தொடலாம், எடை வைக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். நோயாளியோ முன்பாதத்தில் நன்றாக ஊன்றி நடந்துகொண்டிருப்பார். எடை பார்க்கும் மெஷின் ஒன்றைத் தரையில் வைத்து, அந்தக் காலை மட்டும் அதன்மேல் ஊன்றச் சொல்லி, மருத்துவர் சொன்ன கிலோ வரும்போது ‘இவ்வளவுதான், இதற்கு மேல் வேண்டாம்’ என்று காட்டினால் நோயாளிக்கும் தெரியும், கூட இருப்பவருக்கும் தெரியும். நடக்கும்போது அந்த அளவைத் துல்லியமாகக் காப்பாற்றுவது கஷ்டம்தான். இருந்தாலும் ஆளாளுக்கு ஒரு ஊகம் வைத்துக்கொள்வதைவிட இது எவ்வளவோ மேல். உங்கள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் சதவீதமாகவோ கிலோவாகவோ எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி அந்த இளைஞர். ‘சுயமாக நடக்கிறார்’ என்று எழுதியவர் பொய் எழுதவில்லை. ஏதாவது ஒரு அளவுகோலை மனதில் வைத்து எழுதியிருப்பார். சிக்கல் என்னவென்றால், நம் துறையின் அளவுகோல்களே இந்தச் சொல்லில் ஒத்துப்போவதில்லை. அன்றாடச் செயல்களை ஒருவர் எவ்வளவு தானே செய்கிறார் என்று அளக்க 1965-இல் வெளிவந்த பார்தெல் அளவுகோலில் நடைக்கு முழு மதிப்பெண் வாங்க, அடுத்தவர் உதவியோ மேற்பார்வையோ இல்லாமல் 50 கஜம், அதாவது சுமார் 45 மீட்டர் நடக்க வேண்டும். கைத்தடி, கக்கத்தில் வைக்கும் கட்டை, காலிபர் எல்லாம் வைத்துக்கொள்ளலாம். சக்கர வாக்கர் மட்டும் கூடாது. இதையே அளக்கும் எஃப்.ஐ.எம். என்ற இன்னொரு அளவுகோலில் 18 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். அதில் எந்தக் கருவியும் இல்லாமல் செய்தால்தான் 7. கருவியோடு தனியாகச் செய்தால் 6, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றாலே 5. ஆக, காலிபர் போட்டு நடக்கும் ஒருவர் ஒரு தாளில் முழுச் சுயசார்பு உள்ளவர், அடுத்த தாளில் ஒரு படி கீழே. இரண்டும் சரி. எந்த அளவுகோல் என்று எழுதாமல் ‘சுயமாக’ என்று மட்டும் எழுதுவதுதான் தப்பு.

ஐ.சி.எஃப். இதை வேறு விதமாகப் பிரிக்கிறது. ஒரு சீரான சூழலில், கருவியோ ஆளோ உதவாமல் ஒருவரால் என்ன முடியும் என்பது ஒன்று. அவர் நிஜமாக வாழும் இடத்தில், அங்கே கிடைக்கும் கருவி, ஆள், தரை எல்லாவற்றோடும் என்ன செய்கிறார் என்பது இன்னொன்று. உங்கள் மையத்தின் தரை சமமாக இருக்கும், இரண்டு பக்கமும் பிடித்து நடக்க இணைக் கம்பிகள் இருக்கும், தெரபிஸ்ட் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பார். அங்கே பார்த்ததை எழுதி அனுப்பினீர்கள். விண்ணப்பத்தைப் படித்தவர் அதை வீட்டுக்கும் தெருவுக்கும் வேலைக்குப் போவதற்கும் சேர்த்துப் படித்துவிட்டார்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஐ.சி.எஃப். குறியீடு போட்டுவிட்டால் எல்லாம் தெளிவாகிவிடும் என்று நினைக்காதீர்கள். நடத்தல் என்பது அதில் டி450. அதற்குள் குறுகிய தூரம் நடப்பது டி4500, நீண்ட தூரம் நடப்பது டி4501. ஒரு கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தால் எல்லாம் குறுகிய தூரம்தான். கட்டிலிலிருந்து கதவு வரை போகிறவரும் பேருந்து நிறுத்தம் வரை போகிறவரும் ஒரே குறியீட்டுக்குள் வந்துவிடுவார்கள். சிரமம் எவ்வளவு என்று காட்ட 0 முதல் 4 வரை ஒரு எண் சேர்க்கலாம், சேர்க்கவும் வேண்டும். ஆனாலும் சக்கர நாற்காலிக்காக எழுதும்போது மீட்டரில் எழுதுவதற்கு ஈடாக எதுவும் இல்லை.

அவருக்காக மறுபடி எழுதும் கடிதத்தில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கட்டும்: “இரண்டு கால்களிலும் தொடை வரை வரும் காலிபர் அணிந்து, சிகிச்சை அறையின் இணைக் கம்பிகளுக்குள், ஒருவர் அருகில் நிற்க, இத்தனை மீட்டர் நடக்கிறார், பிறகு இத்தனை நிமிடம் உட்கார வேண்டியிருக்கிறது. கம்பிகளுக்கு வெளியே நடப்பதில்லை. வீட்டுக்குள்ளும் வெளியேயும் போய்வர அவருக்குச் சக்கர நாற்காலி தேவை.” எண்களை நீங்களே பார்த்து நிரப்புங்கள். எங்கே, எதைப் பிடித்து, யார் உதவியோடு, எவ்வளவு தூரம், எத்தனை முறை என்ற ஐந்தும் இருந்தால் ‘சுயமாக’ என்ற சொல்லே தேவைப்படாது.

பொதுச் சொல் எப்படி உருவாக வேண்டும் என்பதற்கு என் மனதுக்கு மிகவும் பிடித்த உதாரணம் உங்கள் ஸ்பீச் தெரபிஸ்டின் துறையிலிருந்து வருகிறது. பக்கவாதத்துக்குப் பிறகும் வேறு சில நோய்களிலும் விழுங்குவதில் சிரமம் வரும். தண்ணீர் போன்ற திரவம் மூச்சுக்குழலுக்குள் போய்விடலாம் என்பதால் அதைக் கெட்டியாக்கித் தருவோம். எவ்வளவு கெட்டி? ஒரு நாட்டில் ‘நெக்டர் பதம்’, ‘தேன் பதம்’ என்றார்கள். இன்னொரு நாட்டில் 1, 2, 3 என்று எண் போட்டார்கள். வேறொரு இடத்தில் அதே எண்ணுக்கு அர்த்தம் வேறு. தேன் பதம் என்று ஒரே மருத்துவமனைக்குள் சொன்னாலும் கலக்குகிறவர் கைக்கு ஒரு பதம் வரும், தேனே ஒன்றைப்போல ஒன்று இருப்பதில்லையே. இதில் பிழை நேர்ந்தால் நிமோனியா வரை போகும்.

இதைச் சரிசெய்ய 2013-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற முயற்சியைத் தொடங்கினார்கள். 0 முதல் 7 வரை எட்டு நிலைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், பெயர், நிறம். பானங்கள் 0 முதல் 4 வரை, உணவு 3 முதல் 7 வரை. அதில் என்னைக் கவர்ந்தது எண்ணோ நிறமோ இல்லை, சோதித்துப் பார்க்கும் முறை. ஒரு 10 மில்லி சிரிஞ்சில் ஊசியில்லாமல், அடிவாயை விரலால் அடைத்து, 10 மில்லி வரை பானத்தை ஊற்ற வேண்டும். விரலை எடுத்து 10 விநாடி ஓடவிட்டு மறுபடி அடைக்க வேண்டும். மிச்சம் 1 மில்லிக்கும் குறைவு என்றால் நிலை 0. 1 முதல் 4 மில்லி வரை என்றால் நிலை 1, 4 முதல் 8 வரை என்றால் நிலை 2, 8-க்கு மேல் என்றால் நிலை 3. சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால் நிலை 4. சிரிஞ்சுக்கே ஒரு அளவு சொல்லியிருக்கிறார்கள்: 0-இலிருந்து 10 மில்லி வரையுள்ள கோடுகளின் நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நீளம் மாறினால் பாய்வும் மாறிவிடும் என்பதால், சோதனைக்கு முன் ஸ்கேல் வைத்து அளந்துகொள்ள வேண்டும்.

இதில் எவ்வளவு அக்கறை இருக்கிறது என்று பாருங்கள். ஆய்வுக்கூடத்துக் கருவியைத்தான் அளவாக வைப்போம் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்திருந்தால் அது வல்லுநர்களோடு நின்றிருக்கும். சிரிஞ்சு வார்டிலும் கிடைக்கும், வீட்டிலும் கிடைக்கும். நோயாளியின் மனைவி சமையலறையில் நின்று, தான் கலக்கியது நிலை 2-தானா என்று தானே பார்த்துக்கொள்ளலாம். நல்ல பொதுச் சொல்லுக்கு நான் வைக்கும் அளவு இதுதான்: எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோது, படித்தவர் அதைத் தானே சோதித்துப் பார்க்க முடிய வேண்டும். உங்கள் பட்டியலில் சேரும் ஒவ்வொரு சொல்லையும் இப்படிக் கேளுங்கள்.

காலிபர் செய்யும் துறையிலும் இதே புத்திசாலித்தனம் உண்டு. ‘காலிபர்’ என்றால் எதுவும் இருக்கலாம், கணுக்காலை மட்டும் பிடிப்பதிலிருந்து இடுப்பு வரை ஏறுவது வரை. அதனால் அவர்கள் எந்த மூட்டுகளைத் தாண்டிப் போகிறதோ அதை வைத்தே பெயரிடுகிறார்கள். கணுக்காலும் பாதமும் என்றால் ஏ.எஃப்.ஓ., முழங்காலும் சேர்ந்தால் கே.ஏ.எஃப்.ஓ. பெயரைப் படித்தாலே எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்துவிடும். இந்தத் துறையின் சொற்களுக்கென்றே ஐ.எஸ்.ஓ. 8549 என்ற தரநிலை 1989-இலிருந்து இருக்கிறது. உங்கள் டெக்னீஷியனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். அவரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறீர்களா? பல மையங்களில் கூப்பிடுவதில்லை. அளவெடுக்கச் சொல்லும்போது மட்டும் கூப்பிடுகிறார்கள். சொற்களில் அதிகக் கறாராக இருப்பவர் பெரும்பாலும் அவர்தான், ஏனென்றால் தப்பான சொல்லுக்கு அவர் ஒரு வாரம் உழைக்க வேண்டியிருக்கும்.

சரி, ஐ.சி.எஃப்.-ஆ, ஐ.எஸ்.ஓ. 9999-ஆ? இரண்டும் வேண்டும். அவை போட்டியாளர்கள் இல்லை, பார்ப்பது வேறு வேறு. ஐ.சி.எஃப். ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்க்கிறது: உடல் எப்படி இயங்குகிறது, அவர் என்ன செய்கிறார், எதில் பங்கெடுக்கிறார், சூழல் உதவுகிறதா தடுக்கிறதா என்று. 2001-இல் உலக சுகாதார சபை ஏற்றுக்கொண்டது அது. அதற்கு முன்னால் 1980-இல் வந்த வகைப்பாடு நோயிலிருந்து குறைபாடு, குறைபாட்டிலிருந்து இயலாமை, அதிலிருந்து சமூகப் பின்னடைவு என்று ஒரே கோடாகப் போனது. குறை முழுக்க ஆளிடம்தான் என்பது போல இருந்தது. 2001-இல்தான் சூழலுக்கென்று தனி அத்தியாயங்கள் வந்தன. நடமாட்டத்துக்கான கருவிகள் அங்கே ஈ120 என்று இடம் பெறுகின்றன. படிக்கட்டும் சாய்தளமும், வீட்டார் தரும் ஆதரவும், ஊராரின் மனப்பான்மையும் அதே பகுதியில்தான் இருக்கின்றன. உங்கள் இளைஞருடைய பிரச்சினையை ‘கால் வேலை செய்யவில்லை’ என்று எழுதாமல் ‘நாற்காலி கிடைக்காததால் வேலைக்குப் போக முடியவில்லை’ என்று எழுத இது இடம் தருகிறது. படிக்கிறவர் எடுக்கும் முடிவே அதனால் மாறும்.

ஐ.எஸ்.ஓ. 9999 பார்ப்பது பொருளை. 1992-இல் முதல் பதிப்பு, கடைசியாக 2022-இல் வந்தது. வகுப்பு, உட்பிரிவு, அதற்குள் பிரிவு என்று மூன்று அடுக்கு எண். கையால் தள்ளும் சக்கர நாற்காலி 12 22, மோட்டார் வைத்தது 12 23. இந்த எண்ணின் பயன் மொழி தாண்டுகிறது. ஐரோப்பாவில் ஈஸ்டின் என்ற தகவல் வலையமைப்பு பல நாடுகளின் உபகரணப் பட்டியல்களை இணைக்கிறது. ஒரு மொழியில் தேடுகிறவருக்கு இன்னொரு மொழிக்காரர் பதிந்த பொருள் கிடைப்பதற்கு அடியில் இருப்பது இந்த எண்தான். ஆனால் இதற்குள் வராதவையும் உண்டு. உடலுக்குள் பொருத்துவது வராது, வழிகாட்டி நாய் வராது, ஒருவர் கூட இருந்து செய்யும் உதவியும் வராது. அப்புறம், பதிப்புக்குப் பதிப்பு சில எண்களும் பெயர்களும் மாறியிருக்கின்றன. எண்ணை எழுதினால் பதிப்பின் ஆண்டையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். முழுத் தரநிலையும் இப்போதைக்குக் கனமாகத் தெரிந்தால், உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட 50 முன்னுரிமை உபகரணங்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மையம் அன்றாடம் தொடும் பொருள்களில் பெரும்பகுதி அதில் இருக்கிறது.

பொருளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ‘உதவித் தொழில்நுட்பம்’ என்பதையும் ‘உதவி உபகரணம்’ என்பதையும் எல்லோரும் ஒன்றாகவே சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் பிரித்துத்தான் சொல்கிறது. உபகரணம் என்பது கையில் கிடைக்கும் பொருள். தொழில்நுட்பம் என்பது அந்தப் பொருள் ஒருவருக்குப் பயன்படத் தேவையான அறிவு, திறமை, சேவை, அமைப்பு எல்லாம் சேர்ந்தது. இது பண்டிதர் பேச்சு இல்லை. திட்டம் எழுதுகிறவர் இரண்டையும் ஒன்றாக நினைத்தால் பணம் முழுக்கப் பொருள் வாங்கவே போகும். நூறு நாற்காலி வரும், ஒருவருக்கும் அளவெடுத்திருக்க மாட்டார்கள். அகலமான இருக்கையில் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்து முதுகு வளையும், மெத்தை இல்லாமல் படுக்கைப்புண் போலவே உட்காரும் இடத்தில் புண் வரும், டயர் போனால் நாற்காலி மூலைக்குப் போகும். கணக்கில் மட்டும் ‘நூறு பேருக்கு உதவி’ என்று நிற்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2008-ஆம் ஆண்டு சக்கர நாற்காலி வழிகாட்டி இதனால்தான் சேவையை எட்டுப் படிகளாகச் சொன்னது. மதிப்பீடு, பரிந்துரை, பொருத்திப் பார்த்தல், பயிற்சி, பின்தொடர்ந்து பழுது பார்த்தல் எல்லாம் அவற்றில் உண்டு. உபகரணம் தேவைப்படுவோர் உலகில் 250 கோடிக்கு மேல் என்று அந்த நிறுவனமும் யுனிசெஃபும் 2022-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. இவ்வளவு பேருடைய தேவையைத் திட்டமிடும் இடத்தில் இந்த இரண்டு சொற்கள் குழம்பிக் கிடப்பது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது.

அளவு என்றதும் ஞாபகம் வருகிறது, ‘அகலம் 16 அங்குலம்’ என்று எழுதும்போது அது நோயாளியின் இடுப்பு அகலமா, இருக்கையின் அகலமா, நாற்காலியின் மொத்த அகலமா என்று எழுதுங்கள். மூன்றும் வேறு. கதவுக்குள் நுழையுமா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது.

உங்கள் மூன்றாவது கேள்வி நோயாளிகளின் பேச்சைப் பற்றியது. அவர்களை மாற்றவே வேண்டாம். பொதுச் சொல் கைமாறும் இடத்துக்குத்தான், கட்டில் பக்கத்துக்கு இல்லை. ‘கால் இறுகிப்போச்சு’ என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லை அப்படியே, மேற்கோள் குறியோடு, முதலில் எழுதுங்கள். அதற்குக் கீழே நீங்கள் பார்த்ததை எழுதுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று விஷயங்கள் ஒளிந்திருக்கலாம். வேகமாக நீட்டினால் தடுத்து, மெதுவாக நீட்டினால் விடுகிறதா? அது நரம்பு சார்ந்த தசை இறுக்கம், அதாவது ஸ்பாஸ்டிசிட்டி. எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரு இடத்துக்கு மேல் போகவில்லையா? அங்கே தசையோ மூட்டோ சுருங்கிப்போயிருக்கிறது. தோல் பளபளத்து, விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? வீக்கம். மூன்றுக்கும் சிகிச்சை வேறு. அவருடைய சொல்லை எழுதாமல் ‘ஸ்பாஸ்டிசிட்டி’ என்று நேரடியாக எழுதிவிட்டால், அடுத்து வருகிறவர் நம் முடிவைத்தான் படிப்பார், நோயாளி சொன்னதைப் படிக்க மாட்டார். நாம் எழுதியது தப்பாக இருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியே இருக்காது.

இன்னொரு வகைச் சொற்கள் உண்டு, எல்லோரும் ஒரே அர்த்தத்தில் பயன்படுத்தினாலும் நான் வேண்டாம் என்பேன். ‘ஒத்துழைக்கவில்லை’ என்பது அதில் முதல். கருவியை ஏன் போடவில்லை என்று கேட்டால் காரணம் வரும்: பட்டை தோலைக் கிழிக்கிறது, கழிப்பறைக்குப் போகும்போது கழற்ற முடியவில்லை, போட்டுக்கொண்டு வெளியே போக வெட்கமாக இருக்கிறது. அந்தக் காரணத்தை எழுதினால் டெக்னீஷியன் பட்டையை மாற்றுவார். ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதினால் யாரும் எதையும் மாற்ற மாட்டார்கள். ‘சக்கர நாற்காலியோடு முடங்கியவர்’ என்பதும் அப்படித்தான். அவரை வெளியே கூட்டிப்போவதே அந்த நாற்காலிதான்.

இனி எப்படிச் செய்வது. பழைய கோப்புகளில் ஏதாவது திரும்பி வந்தவை, தவறாகப் போனவை, மறுபடி போன் செய்து கேட்க வேண்டியிருந்தவை என்று ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் எந்தச் சொல்லில் இடறியது என்று குறியுங்கள். ஒரே பத்துப் பதினைந்து சொற்கள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்ப்பீர்கள். வாக்கர், காலிபர், சுயமாக, உதவியுடன், பகுதி எடை, பயிற்சி முடிந்தது போன்றவையாக இருக்கும். சுருக்கெழுத்துகளையும் விடாதீர்கள், ‘பி.டி.’ என்றால் உங்களுக்கு பிசியோதெரபி, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேறொன்று. முதல் பட்டியல் அவ்வளவு போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் எது சேரும் என்று ஒரு வரி, எது சேராது என்று ஒரு வரி, பொருள் என்றால் ஒரு படமும் எண்ணும். ‘எது சேராது’ என்ற வரிதான் முக்கியம், அதைத்தான் பெரும்பாலான பட்டியல்கள் விட்டுவிடுகின்றன.

எழுதி முடித்ததும் சோதியுங்கள். ஒரு நோயாளியின் சம்மதத்தோடு அவர் எழுந்து நடப்பதை வீடியோ எடுத்து, குழுவில் எல்லோரிடமும் தனித்தனியாகக் காட்டி, புதிய சொற்களால் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் ‘மேற்பார்வை மட்டும்’ என்றும் இன்னொருவர் ‘லேசான உதவி’ என்றும் எழுதினால், யார் சரி என்று வாதாட வேண்டாம். சொல்லின் எல்லை தெளிவாக இல்லை என்று அர்த்தம். கை தொட்டதா இல்லையா என்று ஒரு வரி சேர்த்தால் அங்கே தீர்ந்துவிடும்.

மூத்தவர்கள் சொல்வதை எதிர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுபவம் போதும் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவர்கள் கையில் எடுத்தாலே என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆனால் அந்தத் தெளிவு அவர்களோடுதான் இருக்கிறது, தாளில் போவதில்லை. எல்லையில் நிற்கும் கடினமான நோயாளிகளை அவர்கள் முன்னால் வைத்து, ‘இவரை எதில் சேர்ப்பீர்கள், ஏன்?’ என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் ‘ஏன்’ தான் உங்கள் பட்டியலின் இரண்டாவது வரியாக வர வேண்டியது. இரண்டு மூன்று முறை இப்படிக் கேட்டால், பட்டியலை அவர்களே திருத்தத் தொடங்கிவிடுவார்கள்.

எல்லாத் துறைச் சொல்லையும் பொதுவாக்கப் போகாதீர்கள். ஸ்பீச் தெரபிஸ்ட் தன் பரிசோதனையைத் தன் சொல்லில் எழுதட்டும். அவரிடமிருந்து வார்டுக்கும் வீட்டுக்கும் போகும் அந்த ஒரு பக்கம் மட்டும் பொதுவாக இருந்தால் போதும். கடைக்காரரையும், கருவியைத் தினமும் பயன்படுத்தும் ஒன்றிரண்டு பேரையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள், முடிந்த பிறகு காட்டுவதற்காகக் கூப்பிடாதீர்கள். பட்டியலின் மேலே தேதியும், திருத்தும் பொறுப்பு யாருடையது என்பதும் இருக்கட்டும். ஆறு மாதம் கழித்து, அதே மாதிரி ஒரு கட்டுக் கோப்பை மறுபடி எடுத்து, இப்போது எந்தச் சொல்லில் இடறுகிறது என்று பாருங்கள். அப்போது வரும் பட்டியலையும் எனக்கு எழுதுங்கள். மற்ற மையங்களில் இருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் கொடுக்கிறேன்.